ரத்ததான முகாமோடு இன்னொரு மேசையும் போடுவோம்

ஆண்டுதோறும் நம் சங்கங்கள் நடத்தும் ரத்ததான முகாம்களைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. பொங்கல் விழாவோ, திருவள்ளுவர் நாளோ, ஆண்டு விழாவோ, எதுவானாலும் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் விவேக்நகரிலும் லிங்கராஜபுரத்திலும் நம் இளைஞர்கள் வரிசையில் நின்று கை நீட்டுகிறார்கள். இந்த ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். ஆனால் அந்த முகாம்களோடு இன்னொன்றையும் சேர்த்தாக வேண்டும் என்பது என் கருத்து. சொல்லப்போவது சற்று அறிவியல் சார்ந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளின் உயிரோடு தொடர்புடைய செய்தி என்பதால், வாசக அன்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முகாம்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எங்க அக்கா பையனுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாத்தணும்னு சொல்றாங்க. அவனும் ஓ பாசிட்டிவ், நானும் ஓ பாசிட்டிவ். நானே குடுத்துடலாம் இல்லையா?" கேட்பவரின் நல்ல மனத்தில் ஐயமில்லை. ஆனால் மஜ்ஜைக்கு ரத்தப் பிரிவு முதல் கணக்கே அல்ல. பிரிவு வேறாக இருந்தாலும் மாற்றுகிறார்கள். சில மாதங்களில் நோயாளியின் ரத்தப் பிரிவே கொடுத்தவருடைய பிரிவாக மாறிவிடும். பார்க்க வேண்டியது வேறோர் அடையாளம். அதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். முதலில் வெள்ளணுக்களில் கண்டார்கள். பிறகுதான், உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லா உயிரணுக்களின் மேலும் அது இருப்பது தெரிந்தது. "இது நம் உடம்பு, இது அன்னியம்" என்று நம் காவல் அணுக்கள் பிரித்தறிவது இந்த அடையாளத்தை வைத்துத்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையில் தாய்மார்களுக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. 1958-இல் பாரிஸில் ழான் தோசே என்ற மருத்துவர், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் ரத்தத்தில், பிறருடைய வெள்ளணுக்களைத் திரட்டும் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டார். அதே ஆண்டில் ஹாலந்தில் யான் வான் ரூடும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும், பல பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்திலும் அது இருப்பதைக் கண்டார்கள். வயிற்றில் வளரும் பிள்ளைக்குத் தகப்பன் வழியாக வந்த அடையாளம் பாதி. அது தாயின் ரத்தத்துக்குப் புதிது. ஆகவே தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. பிள்ளைக்கு அதனால் பெரும்பாலும் கேடில்லை. பின்னாளில் உலகெங்கும் பரிசோதனைக் கூடங்கள் நாலைந்து பிள்ளை பெற்ற தாய்மாரின் சீரத்தைச் சேகரித்துத்தான் இந்த அடையாளங்களைப் பிரித்துப் பார்த்தன. டி.என்.ஏ. முறைகள் வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்வரை அதுவே வழி. தோசேக்கு 1980-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெயர் தெரியாத அந்தத் தாய்மாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் விடையில்லை.

இந்த அடையாளங்களை உண்டாக்கும் மரபணுக்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில், ஒரே தெருவில் குடியிருக்கும் பங்காளிகளைப்போல அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு மூதாதை மரபணு மீண்டும் மீண்டும் நகலாகிப் பெருகியதால் உண்டான குடும்பங்கள் இவை. தெருவின் ஒரு முனையில் டி.பி., டி.க்யூ., டி.ஆர். வீடுகள். மறு முனைப் பக்கம் பி, சி, ஏ. இடையில் வேறு வேலை செய்யும் வேறு மரபணுக்களும் குடியேறியிருக்கின்றன.

இந்தத் தெருவை அளந்தது எப்படி என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. பெங்களூரிலிருந்து ஓசூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "ஒன்றரை மணி நேரம்" என்று ஒருவர் சொல்வார். "நாற்பது கிலோமீட்டர்" என்று மற்றொருவர் சொல்வார். இரண்டும் தூரம்தான். ஆனால் சில்க் போர்டு சந்திப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். மரபணு வரைபடத்திலும் இவ்விரு வகை உண்டு. குடும்பங்களை ஆராய்ந்து, இரண்டு மரபணுக்கள் தலைமுறை மாறும்போது எத்தனை முறை பிரிந்து போகின்றன என்று எண்ணுவது முதல் வகை; அது மணிக்கணக்குப் போன்றது. டி.என்.ஏ.வையே எடுத்து, இந்த மரபணுவிலிருந்து அந்த மரபணு வரை இத்தனை எழுத்துகள் என்று அளப்பது இரண்டாம் வகை. அதைப் பௌதிக வரைபடம் என்கிறார்கள். அது கிலோமீட்டர் கல் நடுவது.

கல் நடும் வேலை 1980-களில் சூடுபிடித்தது. டி.என்.ஏ.வை மிக அரிதாக மட்டுமே வெட்டும் நொதிகளால் பெரும் துண்டுகளாக வெட்டி, ஒரு கூழில் வைத்து, மின்சாரத்தைத் திசை மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். சிறு துண்டு முந்தும், பெரிய துண்டு பிந்தும். எந்தத் துண்டில் எந்த மரபணு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, துண்டுகளை வரிசையாக அடுக்கினார்கள். (அந்தக் கூழ், மண்டபம், ராமேசுவரம் கடலோரத்துப் பெண்கள் முங்கி எடுக்கிறார்களே, அந்தக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் வகையைச் சேர்ந்தது.) இயன் டன்ஹாமும் அவருடைய கூட்டாளிகளும் 1987-இல் இம்முறையில் தெரு முழுவதற்கும் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபரில், பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து எழுத்துக்கு எழுத்து படித்து முடித்தன. நீளம் ஏறத்தாழ 36 லட்சம் எழுத்துகள். மரபணு வீடுகள் 224. அவற்றில் ஆள் இருப்பதாகக் கணித்தது 128-இல் மட்டும். மற்றவை பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள். ஆள் இருக்கும் வீடுகளில் ஐந்தில் இரண்டு பங்கு நோய் எதிர்ப்போடு தொடர்புடையவை என்று மதிப்பிட்டார்கள்.

இந்த வரைபடத்தால் சாதாரணக் குடும்பத்துக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். கல் நட்டுப் பார்த்தபோது தெரிந்த உண்மை இதுதான்: பங்காளிகள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருப்பதால், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும்போது அவர்கள் தனித்தனியாக வருவதில்லை, மொத்தமாகவே வருகிறார்கள். கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கும்போது, கட்டிய சரத்தை முழம் போட்டுத் தருகிறார்கள் அல்லவா? அதில் இந்தப் பூ வேண்டும், அந்தப் பூ வேண்டாம் என்று சொல்ல முடியாது. இதுவும் அப்படியே. தகப்பனிடம் இரண்டு சரம், தாயிடம் இரண்டு சரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. சரம் நடுவில் அறுந்து மாறிக் கட்டப்படுவது நூற்றில் ஒன்றிரண்டு முறைதான்.

ஆகவே ஒரு தாய் தகப்பனுக்கு நான்கு விதப் பிள்ளைகள்தான் பிறக்க முடியும். நோயுற்ற பிள்ளையோடு உடன்பிறந்தவர் ஒருவர் முழுதும் ஒத்துப்போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு பேர் உடன்பிறந்திருந்தால், அவர்களில் ஒருவராவது ஒத்துப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு 44. ஏழு பேர் இருந்தால் 87. நம் பாட்டி காலத்தில் எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தச் சிகிச்சையே கிடையாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மஜ்ஜை மாற்று தொடங்கியது 1986-இல்தான். அதற்கு மூன்றாண்டு முன்பு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியிருந்தார்கள். இன்று சிகிச்சை நம் ஊரிலேயே, பொம்மசந்திரா வரை போனால் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை, மிஞ்சிப் போனால் இரண்டு. ஒரே பிள்ளை உள்ள வீட்டில் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பும் இல்லை. ஊரார் பிள்ளைதான் கதி.

இங்கே நம் குடும்ப வழக்கம் ஒன்றையும் பேசியாக வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் பெண் எடுப்பது நம்மிடமும் கன்னட மக்களிடமும் இன்றும் குறைந்துவிடவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நாலில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள் நடந்தது. தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் பிள்ளைக்கு, ஒரே மூதாதையின் ஒரே சரம் இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகளைக் கட்டியவர் பிள்ளைக்குப் பதினாறில் ஒன்று. இந்த ஆறாவது குரோமோசோமுக்கு மட்டுமல்ல, எல்லா மரபணுவுக்கும் இதே கணக்கு. அதனால்தான் தலசீமியா, பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தியற்ற நோய்கள் போன்றவை உறவுத் திருமணங்களில் கூடுதலாகத் தலைகாட்டுகின்றன. உறவுக்குள் கட்டாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதை நானும் வழிமொழிகிறேன்.

ஆனால் ஏற்கெனவே கட்டிவிட்ட குடும்பத்துக்கு அதே வழக்கம் ஓர் உதவியும் செய்யக்கூடும். பலருக்கு இது தெரியாது. தகப்பனுடைய சரங்கள் 'அ', 'ஆ' என்றும், தாயுடையவை 'அ', 'இ' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உறவு என்பதால் 'அ' பொது. பிள்ளை தகப்பனிடமிருந்து 'அ', தாயிடமிருந்து 'இ' பெற்றால், அது தாயைப்போலவே 'அ, இ' ஆகிவிடுகிறது. தாயே முழுப் பொருத்தம்! வெளியே கட்டிய குடும்பங்களில் பெற்றோர் பாதிப் பொருத்தம்தான் இருப்பார்கள் என்று எண்ணி, உடன்பிறந்தாரை மட்டும் பரிசோதித்து நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. நம் குடும்பங்களில் அப்படி நிறுத்தக்கூடாது. தாய், தகப்பன், சித்தப்பா, பெரியம்மா, மாமன் பிள்ளைகள் என்று தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு. மருத்துவர் உறவுமுறை கேட்கும்போது வெட்கப்பட்டுக்கொண்டு "வெளியில்தான் கட்டினோம்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்வதால் பிள்ளைக்குத்தான் நட்டம். யார் யாருக்கு என்ன உறவு என்று ஏழு கிளை வரை வாய்ப்பாடமாகச் சொல்லும் அத்தைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் கிடைக்காவிட்டால் பதிவேடு. அதன் கதை 1974-இல் லண்டனில் தொடங்கியது. ஷர்லி நோலன் என்ற தாய், தன் மகன் அந்தோனிக்கு ஒத்த மஜ்ஜை தேடி, முன்பின் அறியாத மக்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். அந்தோனிக்கு ஒருவரும் ஒத்துப்போகவில்லை. 1979-இல் ஏழு வயதில் இறந்துபோனான். பதிவேடு நிற்கவில்லை. இன்று உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். எட்டுக் கோடி சொச்சம் மக்கள் உள்ள ஜெர்மனியில் மட்டும் 90 லட்சத்துக்கும் மேல். 140 கோடி மக்கள் உள்ள நம் நாட்டின் எண்ணிக்கை இன்னும் சில லட்சங்களில் நிற்கிறது. ஜெர்மானியர் மஜ்ஜை நமக்கு ஆகாதா என்றால், ஆகலாம். ஆனால் ஒத்துப்போவது அரிது. ஏ, பி, சி, டி.ஆர்., டி.க்யூ. என்று ஐந்து வீடுகளில், இரண்டு சரத்திலும் சேர்த்துப் பத்துக்குப் பத்து பொருத்தம் பார்க்கிறார்கள். இந்த மரபணுக்களில் இதுவரை பெயரிட்டிருக்கும் வகைகள் நாற்பதாயிரத்துக்கும் மேல். அவை எந்த எந்தச் சேர்க்கையில் சரமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது மக்களுக்கு மக்கள் மாறுபடும். டி.ஆர். பகுதியில் வீடுகளின் எண்ணிக்கையே சரத்துக்குச் சரம் வேறு. ஆகவே தென்னிந்தியப் பிள்ளைக்குத் தென்னிந்தியரிடம்தான் முதலில் தேட வேண்டியிருக்கிறது.

இதற்கான அமைப்புகள் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. சென்னையில் 2009-இல் தாத்ரி தொடங்கியது. நம் பெங்களூரிலேயே, பெங்களூர் மெடிக்கல் சர்வீசஸ் டிரஸ்டும் ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ். அமைப்பும் சேர்ந்து நடத்தும் பதிவேடு இருக்கிறது. அந்த டிரஸ்டின் ரோட்டரி–டி.டி.கே. ரத்த வங்கி நம்மில் பலருக்குப் பழக்கமானதுதான். தலசீமியா குழந்தைகளின் வீட்டாருக்கு இலவசமாக இந்தப் பரிசோதனை செய்துதரும் சங்கல்ப் அமைப்பும் இங்கேதான் இருக்கிறது. பதிவு செய்ய ஊசிகூட வேண்டாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு ஐம்பது, ஐம்பத்தைந்து என்று அமைப்புக்கு அமைப்பு மாறும்.

பஞ்சுக் குச்சி எளிது. கடினமான இடம் பிறகுதான் வருகிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையன் கல்லூரி முகாமில் பெயர் கொடுத்தான். ஈராண்டு கழித்து, யாரோ ஒரு நோயாளிக்கு அவன் ஒத்துப்போவதாகத் தொலைபேசி வந்தது. பையன் தயார். தாய் மறுத்துவிட்டார். "கல்யாணம் ஆக வேண்டிய புள்ள. முதுகெலும்புல ஊசி போட்டு நாளைக்கு ஏதாவது ஆயிட்டா யார் பொண்ணு குடுப்பா?" நானும் போய்ப் பேசினேன். அந்தம்மா கெட்டவர் அல்லர். நம் வீட்டுத் தாய்மார்களில் ஒருவர்தான். எனக்குக் காபி கொடுத்து, மரியாதையாகப் பேசி, மாட்டேன் என்றார். பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்த நோயாளி யார், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரியவிடமாட்டார்கள், அது விதி. வேறொருவர் கிடைத்தாரா என்பதும் தெரியாது. பெயர் பதிந்தபின் பின்வாங்குவது பதியாமலே இருப்பதைவிடக் கொடியது. ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற நம்பிக்கையில் நோயாளியின் வீட்டில் வேறு ஏற்பாடுகளை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

எனவே தாய்மார்களுக்குச் சில செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறேன். முதுகெலும்பில் ஊசி போடுவதில்லை. பெரும்பாலும் ஐந்து நாள் தோலுக்கடியில் ஒரு மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். அது மஜ்ஜையிலுள்ள தாய் அணுக்களை ரத்தத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே போய், எந்திரத்தில் அந்த அணுக்களைப் பிரித்தெடுத்ததும் மறு கை வழியே உடலுக்குத் திரும்பி வந்துவிடும். நான்கைந்து மணி நேரம் ஆகும். அந்த ஐந்து நாளும் உடல்வலி, எலும்பு வலி, தலைவலி இருக்கும். வலியே இல்லை என்று சொல்லி ஆள் சேர்ப்பது நேர்மையல்ல. சில நோயாளிகளுக்கு மட்டும் இடுப்பெலும்பிலிருந்து, மயக்க மருந்து கொடுத்து எடுக்கிறார்கள். கொடுத்த அணுக்கள் சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கடுமையான பின்விளைவுகள் மிக அரிது. அதற்கு முன்பே முழு உடல் பரிசோதனை செய்து, தகுதியில்லை என்றால் அவர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு பேச்சையும் அண்மையில் கேட்கிறேன். அவரவர் சாதிக்காரர்கள் தனித்தனியே முகாம் நடத்தித் தங்கள் ஆட்களைப் பதிய வேண்டும், அறிவியலே அதைத்தான் சொல்கிறது என்கிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பனும் அவருடைய குழுவினரும் 1980-களிலேயே தமிழ்நாட்டு மக்களின் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள், டி.ஆர்.2 என்ற வகைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி 1991-இல் எழுதினார்கள். சமூகத்துக்குச் சமூகம் வேறுபாடு இருப்பது உண்மை. ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் அமெரிக்க அறிஞர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் கலப்பு பரவலாக நடந்து, பிறகு ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்புதான் நின்றுபோனது. 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு, சிறு கூட்டத்திலிருந்து பெருகித் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்ட 81 தெற்காசியக் குழுக்களைக் கண்டது. அக்குழுக்களுக்குள் ஒரே நோய் மரபணு மறைந்து சுற்றி வருகிறது. அதாவது, சாதிக்குள்ளேயே கட்டியதன் கணக்கைத்தான் இந்தப் பிள்ளைகள் செலுத்துகிறார்கள். அதை வைத்தே இன்னொரு சாதிச் சங்கம் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பதிவேட்டில் சாதிப் பெயருக்கு வேலையில்லை. கணினி சரத்தைத்தான் ஒப்பிடுகிறது. எல்லாச் சமூகத்தாரும் ஒரே கூரையின்கீழ் வருவதற்கென்றே அமைந்தது தமிழ்ச் சங்கம். சங்கத்தில் முகாம் நடத்தினால் எல்லாச் சரங்களும் வந்து சேரும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் தெலுங்குக் குடும்பத்தையும் அழையுங்கள். காவிரிக்காக நாம் எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும், நமக்கு ஒத்த மஜ்ஜை அவர்களிடமும் அவர்களுக்கு ஒத்தது நம்மிடமும் இருக்கத்தான் செய்யும்.

1999-இல் முடித்த வரைபடம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடைய டி.என்.ஏ.வைக் கொண்டு வரைந்தது. நம் மக்களுக்கென ஒரு வரைபடம் வேண்டும் என்ற குறை இப்போது ஓரளவு தீர்ந்து வருகிறது. 2020-இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதை ஒருங்கிணைத்தது நம் ஊர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம். மல்லேஸ்வரத்துக்கும் யஷ்வந்த்பூருக்கும் நாம் போகும் வழியில், மரங்களுக்குப் பின்னே இப்படியொரு வேலை நடந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தத் தெருவின் செய்தி மஜ்ஜைக்கு மட்டும் பயன்படுவதல்ல. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் மாத்திரை, பி வீட்டில் 15:02 என்ற வகை உள்ள சிலருக்குத் தோல் முழுவதும் வெந்துபோனதுபோல் உரியச் செய்துவிடும். 2004-இல் தைவானில் இதைக் கண்டார்கள். அந்த மாத்திரை தொடங்கும் முன் மருத்துவரிடம் இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. அதே வீட்டின் 27 என்ற வகைதான் இளைஞர்களுக்குக் காலையில் முதுகு விறைத்துப்போகும் ஒரு வாதநோயோடு தொடர்புடையது.

பிரசவத்துக்கு நாள் குறித்தவுடன், தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கச் சொல்லும் தனியார் நிறுவனங்கள் வீட்டுக்கு வருகின்றன. "உங்கள் பிள்ளைக்கு வாழ்நாள் காப்பீடு" என்கிறார்கள். தலசீமியா போன்ற பிறவி நோய் வந்தால், அந்த நோயின் மரபணுவே அந்தத் தொப்புள்கொடியிலும் இருக்கும். அதை அந்தப் பிள்ளைக்கே திருப்பிக் கொடுத்து என்ன பயன்? இப்படித் தனியாகச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே நோயுற்ற மூத்த பிள்ளை இருந்தால் கதை வேறு. அதை மருத்துவரே சொல்வார். மற்றவர்கள் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாதிப் பொருத்தத்திலேயே இப்போது மாற்றிவிடுகிறார்களே, பதிவேடு எதற்கு என்று விவரம் தெரிந்த அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாய், தகப்பன், பிள்ளை என யாருடைய மஜ்ஜையையும் வைத்து, பிறகு சைக்ளோபாஸ்பமைடு மருந்து கொடுத்துச் சமாளிக்கும் முறை உலகெங்கும் பெருகியிருக்கிறது. பல உயிர்களைக் காத்தும் இருக்கிறது. ஆனாலும் முழுப் பொருத்தம் கிடைக்கும் இடத்தில் மருத்துவர்கள் அதையே முதலில் தேடுகிறார்கள், குறிப்பாகத் தலசீமியா போன்ற நோய்களில். ஒரே பிள்ளையாய்ப் பிறந்து, பெற்றோருக்கும் வயதாகி நோயுற்றிருந்தால் பாதிப் பொருத்தத்துக்கும் ஆள் தேட வேண்டியிருக்கும்.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த ரத்ததான முகாம் நடக்கும்போது அருகில் இன்னொரு மேசை போட வேண்டும். பதிவேட்டு அமைப்புக்கு முன்கூட்டியே எழுதினால் அவர்களே ஆளும் பஞ்சுக் குச்சியும் படிவமும் கொண்டு வருவார்கள். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தமிழில் விளக்க வேண்டும். அந்த வேலைக்கு நான் வருகிறேன். மிக முக்கியமாக, பையனோ பெண்ணோ தனியாக வந்தால் அன்றே பதிய வேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தாய் தகப்பனோடு பேசிவிட்டு, அடுத்த ஞாயிறு அவர்களையும் அழைத்துக்கொண்டு வரட்டும். எண்ணிக்கை குறையும் என்று செயற்குழு நண்பர் ஒருவர் சொன்னார். குறையட்டும். நூறு பேர் பெயர் கொடுத்து அறுபது பேர் பின்வாங்குவதைவிட, நாற்பது பேர் வந்து நாற்பது பேரும் நிற்பது மேல். அந்த ஞாயிற்றுக்கிழமை தாய்மார்களோடு பேச, ஏற்கெனவே கொடுத்தவர் ஒருவரை, முடிந்தால் அவருடைய அம்மாவையும், அழைத்து வர ஏற்பாடு செய்யலாம்.